ஒப்புதலுக்கு முன் தொடங்கக் கூடாது

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவளுக்கு உலகத்தில் உள்ள எல்லா விண்ணப்பங்களும் தலைகீழ்ப் பாடம் என்று சனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா, டைப்பிஸ்ட் அக்காவைக் கேள். அடையாள அட்டையில் பிறந்த வருஷம் மாறிவிட்டதா, டைப்பிஸ்ட் அக்காவைக் கேள். அதனால் நாடகக் குழுவுக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, அறையில் இருந்த அத்தனை தலைகளும் சொல்லிவைத்தாற்போல அவள் பக்கம் திரும்பின. வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் கூடப் பிறந்த தம்பி முந்திக்கொண்டு, "அக்கா பாத்துக்கும்" என்று முடித்துவிட்டான்.

குழு என்றால் ஏதோ பெரிய நாடக சபை என்று நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, அதில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற நாலைந்து பேர், அவ்வளவுதான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பிக்குத் திருடன் வேஷம். பஸ் ஓட்டுநருக்குப் போலீஸ்காரர் வேஷம். முடிவெட்டும் கடைக்காரர் நீதிபதி. அந்த மனிதர் தூங்கும்போதுகூட வாயை மூடமாட்டார் என்பதால் தெருவே அவரை 'மௌனம்' என்று கூப்பிட்டது. தம்பி பெண்டாட்டி சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். துணிமணிகளைப் பார்த்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவாள்.

டைப்பிஸ்டுக்குத் திருடனின் அக்கா வேஷம். நாடகமே அவள் தலைமேல்தான் நின்றது. தம்பிக்காரன் திருடிக்கொண்டு வருகிற ஒவ்வொரு சாமானிலும் அந்த அக்கா குறை கண்டுபிடிப்பாள். "டேய், இந்தக் குக்கருக்கு மூடி எங்கடா? திருடறதுதான் திருடற, மூடியோட திருடக் கூடாதா? போய் மாத்திட்டு வா" என்று திருடின வீட்டுக்கே திருப்பி அனுப்புவாள். அவனும் போய்க் கதவைத் தட்டி மூடியைக் கேட்பான். போன தடவை போட்டபோது தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காத ஆள் இல்லை.

வாரம் முழுவதும் அவள் அடுத்தவர்களின் குறைகளைத் தட்டச்சு செய்தாள். மனுதாரர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி, மனுதாரர் பலமுறை நேரில் சென்று கேட்டும், மனுதாரர் வேறு வழியின்றி. வீட்டுக்கு வந்தால் புருஷன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு இராக்காவல் வேலை. அவள் வரும் நேரம் அவர் போகும் நேரம். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பார் அவர். "சரி" என்பாள் அவள். அந்த வீட்டின் மொத்தப் பேச்சும் அதோடு முடிந்தது. அப்படிப்பட்டவளுக்கு, வாரத்தில் ஒருநாள் அடிவயிற்றிலிருந்து கத்தித் திட்டவும், திட்டினதற்குக் கைதட்டு வாங்கவும் ஓர் இடம் இருந்தது. அதுவும் போனால் அவளுக்கென்று குரலே இல்லை. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூடப் பிறந்தவனுக்குக்கூடவா சொல்லித் தெரிய வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த அறைக்குத்தான் வேட்டு வந்தது. டயர் கடைக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகவும், முடியாதென்றால் மேலேயும் டயர் அடுக்கிக்கொள்ளப்போவதாகவும் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஓட்டுநர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு வந்தார். சமூகக் கலைத் திட்டங்களுக்கு நிதியுதவி. தகுதியுள்ள குழுக்கள் விண்ணப்பிக்கலாம். நமக்கு என்ன தகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா இருக்க பயமேன்.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். முதல் கேள்வியே, உங்கள் அமைப்பின் தொலைநோக்கு யாது. அவள் மௌனத்திடம் கேட்டாள். அவர் தன் கடையை எப்படித் தொடங்கினார் என்பதில் ஆரம்பித்து, மாமனாரோடு வந்த சண்டை வழியாக, முடி கொட்டுவதற்குக் காரணம் கவலைதான் என்று முடித்தார். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் எடுத்து எழுத முடியவில்லை. அடுத்த கேள்வி, இத்திட்டத்தால் சமூகத்தில் நிகழும் மாற்றத்தை எவ்வாறு அளவிடுவீர்கள்.

"எதால அளக்கறதாம், முழம் போட்டா, படியாலயா?" என்றான் தம்பி.

"பாக்கறவங்க அழுதா மாற்றம்னு எழுதிடுங்க" என்றார் ஓட்டுநர்.

"நம்ம நாடகத்துல யாருங்க அழுவாங்க?" என்றாள் அவள்.

"நடுவுல கரண்டு போனா அழுவாங்க."

இவர்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்று தன் தலையில் எழுதியிருப்பதாக அவள் நினைத்தாள். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, இருநூறு சொல்லுக்கு மிகாமல் மாற்றத்தை அளந்தாள். முந்நூறு சொல் வந்தது. நூறு சொல்லை வெட்டி எறிந்தாள். அனுப்பு என்று அழுத்தினால், உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது என்று வந்து நின்றது. மறுபடி எழுதினாள். இந்தத் தடவை வேறு பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். இதற்குமுன் எங்களிடமோ பிற அமைப்புகளிடமோ நிதி பெற்றுள்ளீர்களா? ஆம் எனில் சான்று இணைக்கவும். இல்லை எனில் நிதியைக் கையாண்ட அனுபவத்துக்குச் சான்று இணைக்கவும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. வக்கீல் அந்தப் பக்கமாக வந்து, எந்தக் கட்சிக்காரரின் மனு இது, இவ்வளவு பெருமூச்சு விடுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

எப்படியோ அதையும் தாண்டினாள். கடைசியில், வழிகாட்டியின் கடைசிக்கு முந்தின பக்கத்தில், அந்த வரி உட்கார்ந்திருந்தது. நிதி ஒப்புதலுக்கு முன் தொடங்கப்பட்ட திட்டங்களுக்கு நிதி வழங்கப்படமாட்டாது.

வேறு யாராவது என்றால் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டிருப்பார்கள். அவள் வக்கீல் அலுவலகத்துக்காரி. ஒரு தேதி தப்பாகப் போட்டதால் வீடு போன ஆட்களை, 'மற்றும்' வர வேண்டிய இடத்தில் 'அல்லது' வந்ததால் தோற்ற வழக்குகளை, கண்ணால் கண்டவள். 'தொடங்கப்பட்ட' என்பதற்கு அருகே சின்னதாக ஓர் எண் இருந்தது. விளக்கத்துக்குப் பிற்சேர்க்கை காண்க என்றது. பிற்சேர்க்கையை அழுத்தினால் திறக்கவில்லை. நாலு நாள் அழுத்தினாள், நாலு நாளும் திறக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகிற வரைக்கும் காத்திருந்தபின் ஒரு குரல் வந்து, "எல்லாமே வழிகாட்டியில இருக்குங்க, படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அவள் அறைக்குப் போய் எல்லாரையும் உட்காரவைத்தாள்.

"பதில் வர்ற வரைக்கும் ஒத்திகை கிடையாது. ஆரம்பிச்சுட்டோம்னு தெரிஞ்சா காசு கிடைக்காது."

"வசனம் மட்டும் பேசிப் பாக்கலாமா?" என்றான் தம்பி.

"கூடாது."

"மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா?"

"அதுவும் வேண்டாம்டா. நாளைக்கு யாராவது கேட்டா நான் இல்லன்னு சொல்லணும். நெஞ்சத் தொட்டுச் சொல்லணும்."

"யம்மா, நான் கடையில பேசிக்கிட்டேதான இருப்பேன்" என்று மௌனம் கவலைப்பட்டார். "அதுல எது வசனம், எது பேச்சுன்னு எனக்கே தெரியாதே."

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். கூடுதல் வாடகை வரும் என்கிற ஆசையில் டயர் கடைக்காரர் பொறுத்திருக்கச் சம்மதித்தார். ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

பதில் சீக்கிரம் வரும் என்றது அந்த அலுவலகம். அவர்களுடைய சீக்கிரம் வேறு, நம்முடைய சீக்கிரம் வேறு. பரிசீலனையில் உள்ளது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்ததும் அதையே சொன்னது. மூன்றாவதாக வந்ததைப் படித்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குழு தற்போது இயங்கிவருகிறது என்பதற்கு அண்மைச் செயல்பாட்டின் புகைப்படம் ஒன்றை அனுப்பவும். ஆரம்பித்திருக்கவும் கூடாது, இயங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். தண்ணீரிலும் இறங்கு, துணியும் நனையக் கூடாது.

டயர் கடைக்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, எல்லாரையும் வேஷத்தோடு நிறுத்தினாள். "வாய மூடிக்கிட்டு நில்லுங்க. வாய் தெறந்திருந்தா வசனம் பேசற மாதிரி தெரியும்" என்றாள். மௌனத்தின் வாய் மட்டும் மூடுவதாக இல்லை. எடுத்த படம் எல்லாவற்றிலும் பாதி திறந்தே இருந்தது. கடைசியில் அவரை ஓட்டுநரின் தொப்பிக்குப் பின்னால் நிறுத்தி எடுத்தாள். ஏதோ துக்கம் விசாரிக்கப் போனவர்கள் மாதிரி ஒரு படம் வந்தது. அதைத்தான் அனுப்பினாள்.

வாரங்கள் போயின. மற்ற நாட்களை அலுவலகம் விழுங்கிவிடும். சனிக்கிழமை சாயங்காலத்தைத்தான் அவளால் தள்ள முடியவில்லை. அலமாரியைத் துடைத்தாள். போன வாரம் துடைத்த அலமாரிதான். ஒருநாள் கழுவுகிற பாத்திரத்தைப் பார்த்து, இடுப்பில் கையை ஊன்றி, குக்கர் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தவள், ஐயோ ஒத்திகையாகிவிடுமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். தனியாக நிற்கும் சமையலறையில்கூட விதியை மீறப் பயந்த தன்னை நினைத்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது. குரல் தொண்டையிலேயே அடைத்துக் கிடந்தது.

தம்பியைக் கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் எடுப்பதே இல்லை. கேட்டால், பட்டறையில் வேலை நெட்டி வாங்குகிறது என்பான். தம்பி பெண்டாட்டிக்கு ஞாயிறு தவறாமல் தொண்டை கட்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டிச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம், வெந்நீர் குடிக்கச் சொல்லு என்று இவள் அக்கறையாகச் சொல்லி அனுப்பினாள். மௌனத்தின் கடையைக் கடந்து போகும்போது அவர் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார். மௌனம் பேச்சை நிறுத்தினதைப் பார்த்தாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கும் நாடகம் இல்லாத ஏக்கம் என்று நினைத்து வருத்தப்பட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த மின்னஞ்சல் வந்தது. கொள்கை அளவில் ஒப்புதல் அளிக்கப்படுகிறது. வரும் திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்வையிட்டு, பணி தொடங்கப்படவில்லை என்ற உறுதிமொழியில் ஒருங்கிணைப்பாளரின் கையொப்பம் பெற்றபின் நிதி விடுவிக்கப்படும். அவள் அதை மூன்று தடவை படித்தாள். எழுதின அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அலமாரித் துணியை அப்படியே போட்டுவிட்டு, தம்பியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று பட்டறைக்கு வேகமாக நடந்தாள்.

பட்டறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"டேய், இந்தக் குக்கருக்கு மூடி எங்கடா?"

அவளுடைய வசனம். அவளுடைய குரல் இல்லை. அவள் இழுக்கிற இடத்தில் இந்தக் குரல் இழுக்கவில்லை, வெடுக்கென்று வெட்டியது. அதற்கு உள்ளே ஒரே சிரிப்பு. இவ்வளவு நாள் ஓரமாக உட்கார்ந்து வாய் திறக்காத தம்பி பெண்டாட்டியின் குரல்தான் அது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நன்றாகத்தான் செய்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

கதவைத் தட்டினாள். சிரிப்பு நின்றது. தம்பி திறந்தான், முகத்தில் மீசை வரைந்திருந்தது. பின்னால் ஓட்டுநர், தொப்பியோடு. மௌனம், கறுப்பு அங்கியோடு. கேஸ் சிலிண்டரின் மேல் ஒரு குக்கர், மூடி இல்லாமல்.

"எத்தனை நாளா நடக்குது?"

தம்பி மீசையைத் தேய்த்தான். அது கன்னமெல்லாம் பரவியது. "நீ நிறுத்தச் சொன்னதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து" என்றான்.

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும்ல? தெரியாமலே இருந்தா நீ சொல்றது உண்மைதான? உனக்காகத்தான்க்கா."

"உங்களுக்குப் பொய் வராது யம்மா" என்று மௌனம் சேர்ந்துகொண்டார். "மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். அதான் எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம். எவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சோம் தெரியுமா? நான் கடையில வாயத் தெறக்கறதையே விட்டுட்டேன். இப்ப எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. நீங்க ஏன் வந்தீங்க?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதம் இந்த முகங்களைத்தான் இருநூறு சொல்லுக்குள் அடக்கி, வெட்டி, ஒட்டி, கண் எரிய எழுதினாள். கற்பனை வளம் மிக்கவர், கூட்டு உழைப்பில் நம்பிக்கை கொண்டவர் என்றெல்லாம் இவர்களைப் பற்றிப் புளுகியிருந்தாள். இவர்கள் கூட்டாகத்தான் உழைத்திருக்கிறார்கள், அவளைத் தவிர.

"அப்போ என் வேஷம்?" என்றாள்.

தம்பி பெண்டாட்டி குக்கரைக் கையில் எடுத்து, வைப்பதற்கு இடம் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். "யாராவது நிக்கணுமேன்னு நின்னேன் அண்ணி" என்றாள் மெதுவாக.

"திங்கக்கெழம அதிகாரி வராங்க. மாடிக்கு வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் திரும்பி நடந்தாள். தம்பி பின்னாலேயே தெருமுனை வரை வந்தான். கையெழுத்துப் போட்டுவிடு அக்கா, உனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள் என்றான். இப்போது தெரியுமே என்றாள். அதனால்தான் சொல்லாமல் இருந்தோம் என்றான். அவனை அறைந்தால் என்ன என்று தோன்றியது. மீசை ஈஷிய அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கையை அடக்கிக்கொண்டாள்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். தோளில் பெரிய பை, கையில் சின்னக் கணினி, மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. டயர் வாசனையில் இரண்டு தும்மல் போட்டாள். அறையில் எல்லாரும் துவைத்த சட்டையும் வாரின தலையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திருடன்தான் எல்லாரையும்விட யோக்கியமாகத் தெரிந்தான்.

அதிகாரி அறையைப் பார்த்தாள். விளக்கு எங்கே போடுவீர்கள், எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டாள். பிறகு ஒரு தாளை எடுத்து டைப்பிஸ்டின் முன் வைத்தாள். "ஒருங்கிணைப்பாளர் நீங்கதானே? பணி எதுவும் இன்னும் தொடங்கல இல்லையா? இங்க ஒரு கையெழுத்து."

தம்பி அவளைப் பார்த்தான். ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மௌனம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. அறை கிடைக்கும், விளக்கு கிடைக்கும். ஊரில் பொய்க் கையெழுத்துப் போடாத ஆள் யார். அவள் வேலை பார்க்கும் இடத்திலேயே நாளுக்கு நாலு விழும். பேனாவைக் கையில் எடுத்தாள். ஆனால் அந்தத் தாளில் இருந்த ஒரு பொய்யைவிட, அவளுக்கு நடந்த ஓர் உண்மை பெரிதாக நின்றது. அதை விழுங்க முடியவில்லை.

"அவங்கல்லாம் எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்றாள். "நான் மட்டுந்தான் இன்னும் ஆரம்பிக்கல."

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். "போச்சு" என்றார் ஓட்டுநர்.

"என்ன ஆரம்பிச்சாங்க?" என்றாள் அதிகாரி.

"ஒத்திகை. பட்டறையில வெச்சு, எனக்குத் தெரியாம."

"ஒத்திகைதானே?" அதிகாரி சிரித்துவிட்டாள். "அதெல்லாம் கணக்குல வராதுக்கா. எங்க காச நம்பிப் பொருள் வாங்கறது, ஆள் வைக்கறது, அதுதான் தொடக்கம். ஒத்திகை நீங்க தினம் பாக்கலாமே. நெறைய பேர் கேக்கறாங்கன்னு பிற்சேர்க்கையில விளக்கமே போட்டிருக்கோம்."

"அந்தப் பிற்சேர்க்கை தெறக்கல."

"ஆமா, அது கொஞ்ச நாள் தெறக்காமத்தான் இருந்துச்சு" என்றாள் அதிகாரி, ஏதோ மழை பெய்ததைச் சொல்வது மாதிரி.

அறை கலகலத்தது. ஓட்டுநர் தொடையில் தட்டினார். மௌனம் வாயிலிருந்து கையை எடுத்தார். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது, அதிகாரியின் கல்யாண விசாரணை உட்பட. டைப்பிஸ்ட் மட்டும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தனை சனிக்கிழமைகளும் வீண். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்தது ஒரு திறக்காத பக்கமும் அவளுடைய பயமும்தான். கண் நிறைந்துவிட்டது.

தம்பி பக்கத்தில் வந்து குனிந்தான். "அப்போ நீயும் வந்திருக்கலாம்ல அக்கா" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்கு வலித்தது.

அவள் கையெழுத்தைப் போட்டாள். அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு, இனி மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும், பங்கேற்றவர்களின் மனநிறைவைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தாள். டைப்பிஸ்ட் அவளைக் கையமர்த்திவிட்டுத் தம்பி பெண்டாட்டியின் பக்கம் திரும்பினாள். தொண்டையில் அடைத்துக் கிடந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு என் வேஷம் வேணும். அது இல்லாம என்னால இருக்க முடியல."

"உங்க வேஷந்தான அண்ணி, எடுத்துக்கங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானை நுனியைச் சுருட்டினாள். சுருட்டினதைப் பிரித்தாள். "குடுத்துடறேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"நாள் பூரா ஊரார் சட்டையத் தேச்சுக்கிட்டு நிக்கறேன். அங்கயும் பேச்சில்ல, வீட்டுலயும் இவரு பேசுவாரு, நான் கேப்பேன்." அவள் புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். "வேற எங்க அண்ணி நான் இவர 'டேய்'னு கூப்பிட முடியும்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத்தான் பார்த்தார்கள், முடியவில்லை. தம்பி தன் பெண்டாட்டியை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். டைப்பிஸ்டுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொண்ட அந்தத் தொண்டைக்கு வெந்நீர் சொல்லி அனுப்பியதை நினைத்து வெட்கமாக இருந்தது. தனக்கு மட்டும்தான் வாய் அடைத்துக் கிடக்கிறது என்று எப்படி நினைத்தோம் என்று இருந்தது.

"நீயும் நில்லு" என்றாள். "திருடனுக்கு ரெண்டு அக்கா."

"ரெண்டா?" என்று தம்பி அலறினான். "ஒண்ணுக்கே பதில் சொல்ல முடியல எனக்கு."

"அப்போ அவன் தானாவே வந்து ஜெயில்ல உக்காந்துக்குவான்" என்றார் மௌனம். "எனக்குத் தீர்ப்பு எழுதற வேலையே இல்ல."

அதிகாரி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "விண்ணப்பத்துல ஒரு அக்காதானேங்க இருக்காங்க? கதை மாறுதுன்னா மாற்றத்துக்குத் தனிப் படிவம் இருக்கு. அத அனுப்பி, ஒப்புதல் வந்தப்புறம்தான்..."

எல்லாரும் பழக்கதோஷத்தில் டைப்பிஸ்டைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டு நடு அறையைக் காலி செய்தாள். தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அனுப்பறேன்மா, கண்டிப்பா அனுப்பறேன்" என்றாள். "உங்க பதில் வர்றதுக்குள்ள நாங்க நடிச்சு முடிச்சிருப்போம்."

பிறகு தம்பியைப் பார்த்து, வெளியே போய் நின்று முதலிலிருந்து உள்ளே வரச் சொன்னாள்.